பெயர் கிடைத்துவிட்டது, ஆள் எங்கே?

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். யாரும் கேட்பதாக இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போன ஜெர்மானியர்களைப் பற்றி சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நாலு வரி எழுதினேன், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே விஷயம். பெரும்பாலானவை அமெரிக்காவில் குடியேறி, அங்கேயே சம்பந்தம் செய்துகொண்ட நம் ஊர்க் குடும்பங்களிலிருந்து வந்திருக்கின்றன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மருமகன் பென்சில்வேனியாக்காரர். குடும்பப் பெயர் மில்லர். அவர்கள் முன்னோர் ஒருவர் 1749-ல் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தார், பெயர் ஜான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பேத்தி ஆசைப்பட்டாளே என்று நான் இணையத்தில் தேடினேன். தென்மேற்கு ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதிக் கிராமம் ஒன்றில் 1725-ல் யோஹான் முல்லர் என்ற குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆன பதிவு கிடைத்தது. வயதும் பொருந்துகிறது. வம்சாவளியில் சேர்த்துவிடலாமா?

பதில்: சேர்க்காதீர்கள் அம்மா, பென்சிலால்கூட வேண்டாம். முல்லர் என்றால் மாவு அரைக்கும் ஆலைக்காரர். ஊருக்கு ஊர் ஆலை, ஆலைக்கு ஆலை ஒரு முல்லர். 1749-இன் இலையுதிர் காலத்தில் ஜெர்மானியரை ஏற்றிக்கொண்டு பிலடெல்ஃபியாவுக்கு வந்த கப்பல்களே இருபதுக்கு மேல், அவற்றில் வந்த முல்லர்களை எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது.

அடுத்த சிக்கல் அந்த 'யோஹான்'. அக்கால ஜெர்மன் குடும்பங்களில் குழந்தைக்கு இரண்டு பெயர் வைப்பார்கள். முன்னால் வருவது பெரும்பாலும் பக்திக்காக வைத்தது, பின்னால் வருவதுதான் கூப்பிடும் பெயர். ஒரே வீட்டில் யோஹான் கியோர்க், யோஹான் பேட்டர், யோஹான் ஹைன்ரிஹ் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருப்பார்கள், தெருவில் அவர்கள் கியோர்க், பேட்டர், ஹைன்ரிஹ்தான். பெண் குழந்தைகளுக்கு ஆன்னா, மரியா இதே வேலையைச் செய்யும். ஆக, யோஹான் கியோர்க் அமெரிக்கா போனால் ஜார்ஜ் ஆவாரே தவிர ஜான் ஆவது அபூர்வம். ஜான் ஆகிறவர் அநேகமாக யோஹானஸ், கடைசியில் வால் உள்ள யோஹானஸ். நீங்கள் பார்த்த பதிவில் யோஹானுக்குப் பின்னால் இன்னொரு பெயர் இருக்கிறதா என்று மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். இணையத்தில் ஏற்றுகிறவர்கள் இரண்டாவது பெயரை வெட்டிவிட்டுப் போவது நிறைய நடக்கிறது.

நானே ஒரு நண்பர் குடும்பத்துக்காக ஹைன்ரிஹ் ஒருவரை எட்டு மாதம் துரத்தியிருக்கிறேன். பிறந்த ஆண்டு பொருந்தியது, தகப்பன் பெயர் பொருந்தியது, எனக்கு ஒரே குஷி. அப்புறம் ஒரு நாள் அதே தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினால் என் ஹைன்ரிஹ் நாலு வயதிலேயே இறந்திருக்கிறான். அவனுக்குப் பின் பிறந்த தம்பிக்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்கள், அது அங்கே சாதாரண வழக்கம். அந்தத் தம்பியோ ஊரைவிட்டு நகரவே இல்லை, அதே கிராமத்தில் கல்யாணம், அதே கிராமத்தில் சாவு. எட்டு மாதம் போனது போனதுதான். அதனால் ஞானஸ்நானப் பதிவைக் கண்டவுடன் துள்ளாமல், அந்தப் பிள்ளை வளர்ந்ததா, அங்கேயே குடும்பம் நடத்தியதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? அமெரிக்கக் கரையில்தான். மருமகனிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள், நடுவில் ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டாதீர்கள். 1790-இல்தான் அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கு, அதிலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அதற்கு முன்னால் உங்களுக்குத் துணை வரி ஏடு, நிலப் பத்திரம், தேவாலயப் பதிவேடு, உயில். உயில் இருந்தால் ஒன்றுக்கு மூன்று முறை படியுங்கள். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் யார், சொத்தை நிறைவேற்றும் பொறுப்பு யாரிடம், வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுத்த பக்கத்து வீட்டுக்காரர் இருவர் யார், எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதி வையுங்கள். உயில் எழுதாமல் இறந்தவர் என்றால் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) தலைநகரில் 'அநாதைகள் நீதிமன்றம்' என்று ஒன்று உண்டு, அதன் ஏடுகளைக் கேளுங்கள். தாய் உயிரோடு இருந்தாலும் தகப்பன் இல்லாவிட்டால் பிள்ளை அநாதைதான் அந்தச் சட்டத்துக்கு, 14 வயது நிரம்பிய பிள்ளை தன் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலும் தாய்மாமனையோ கூடவே கப்பலில் வந்த குடும்ப நண்பரையோ தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்தப் பெயர்தான் உங்களை ஜெர்மனி வரை கொண்டுபோகும், 'மில்லர்' என்ற பெயர் கொண்டுபோகாது.

கேள்வி: எங்கள் குடும்ப முன்னோரின் பெயர் கப்பல் பட்டியலில் இருக்கிறது. மனைவி, மூன்று பிள்ளைகள் பெயர் எங்குமே இல்லை. தனியாக வந்து இங்கே கல்யாணம் செய்தாரா? அதே ஆள் மூன்று பட்டியலில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறாரே, அது ஏன்?

பதில்: பட்டியல் எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தால் இரண்டு குழப்பமும் தீரும். அது பயணிகளைப் பதிவு செய்ய எழுதியது இல்லை. திமுதிமுவென்று ஜெர்மானியர் வந்து இறங்குவதைப் பார்த்துப் பயந்த பென்சில்வேனியா மாகாண சபை, வருகிற ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று 1727 செப்டம்பரில் உத்தரவு போட்டது. ராட்டர்டாமிலிருந்து வந்த 'வில்லியம் அண்ட் சாரா' என்ற கப்பல்தான் முதலில் மாட்டியது. 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள்தான் பிரமாணம் எடுக்க வேண்டும் என்பதால் பெண்களும் சிறுவர்களும் அந்தக் காகிதத்தில் வர வேண்டிய அவசியமே இல்லை. மனைவி பெயர் இல்லாததற்கு மனைவி இல்லை என்று அர்த்தம் கிடையாது. கப்பலில் நோயோடு படுத்திருந்த ஆண்கள்கூட அன்றைக்குக் கையெழுத்துப் போட வந்திருக்க மாட்டார்கள்.

மூன்று பட்டியல் விஷயம். முதலாவது கப்பல் தலைவனின் பட்டியல், ஆட்கள் சொன்னதைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியது, அவன் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. சில கப்பல்களுக்கு இதில் மட்டும் பெண்கள், குழந்தைகள், வயது எல்லாம் இருக்கும், ஆனால் பல கப்பல்களுக்கு இந்தப் பட்டியல் தொலைந்தே போய்விட்டது. இரண்டாவது விசுவாசப் பிரமாணத்தில் போட்ட கையெழுத்து. மூன்றாவது, அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் வம்சத்தையும் போப்பின் அதிகாரத்தையும் மறுக்கும் பிரமாணத்தில் போட்டது. ஸ்ட்ராஸ்பர்கர், ஹிங்கே என்ற இருவர் 1934-ல் இவற்றைத் தொகுத்து மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள், இரண்டாம் தொகுதி முழுக்கக் கையெழுத்துகளின் நகல். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். அச்சில் வந்த எழுத்துக்கூட்டலை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

அந்த நகலில் உங்கள் ஆள் தானே கையெழுத்துப் போட்டிருந்தால் பெரிய அதிர்ஷ்டம். இருபது முப்பது வருஷம் கழித்து அவர் எழுதிய உயிலின் கையெழுத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருக்கிற இரண்டு பேரைப் பிரிக்க இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். கையெழுத்துக்குப் பதில் அவர் ஒரு கீறல் போட்டு, பக்கத்தில் எழுத்தர் பெயர் எழுதியிருந்தால் அந்த வழி அடைபட்டது. ஆனால் கப்பலில் கீறல் போட்டவர் உயிலில் கொழுகொழுவென்று ஜெர்மன் எழுத்தில் கையெழுத்திட்டிருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள், அது வேறு ஆளாக இருக்கலாம்.

இன்னொன்று. உங்கள் முன்னோர் பெயருக்கு மேலே ஐந்து, கீழே ஐந்து பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் கூட்டமாகவே கிளம்பினார்கள், கூட்டமாகவே வரிசையில் நின்றார்கள். மேலே இருப்பவர் மச்சானாக இருக்கும், கீழே இருப்பவர் அதே ஊர் தச்சராக இருக்கும். அபூர்வமான குடும்பப் பெயர் ஒன்று அந்தப் பத்தில் இருந்தால் உங்கள் முல்லரை, ஷ்மிட்டை விட்டுவிட்டு அந்த அபூர்வப் பெயரைத் துரத்துங்கள். அவர் எந்தக் கிராமமோ அநேகமாக உங்கள் ஆளும் அங்கேதான், அல்லது அடுத்த கிராமம்.

இந்தப் பட்டியல் எல்லாம் பிலடெல்ஃபியாவுக்கு மட்டும், அதுவும் 1727-க்கு அப்புறம். 1683-ல் கிரேஃபெல்ட் நகரிலிருந்து வந்து ஜெர்மன்டவுனை உண்டாக்கிய 13 குடும்பங்களுக்கோ, 1710-ல் நியூயார்க் கொண்டுவரப்பட்டு ஹட்சன் ஆற்றங்கரையில் கடற்படைக்குத் தார் காய்ச்சும் வேலையில் தள்ளப்பட்டவர்களுக்கோ, 1714-ல் வர்ஜீனியாவின் ஜெர்மன்னாவில் குடியேறிய சீகன் வட்டாரச் சுரங்கத் தொழிலாளர்களுக்கோ இங்கே தேடினால் ஒன்றும் வராது. நியூயார்க் கூட்டத்துக்கு ஆளுநர் ஹன்டர் கொடுத்த உணவுப்படிக் கணக்குகள் இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அரசாங்கம் எழுதிவைத்ததுதான், இன்று அந்தக் குடும்பங்களின் முதல் அமெரிக்கப் பதிவு அதுவே.

கேள்வி: எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார், அதனால்தான் ஷ்வார்ட்ஸ் என்பது பிளாக் ஆனது என்று என் மாமனார் அடித்துச் சொல்கிறார். குடும்பம் 1750 வாக்கில் வந்ததாம்.

பதில்: எல்லிஸ் தீவில் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892-ல். மாமனாரின் முன்னோர் அதற்குள் ஐந்தாறு தலைமுறை பார்த்திருப்பார்கள். பெயர் மாறியது மெதுவாக, ஊருக்குள்ளேயே. வரி வசூலிக்கிறவர் ஒரு விதமாக எழுதுவார், பத்திரம் எழுதுகிறவர் இன்னொரு விதமாக, பையன் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போனால் மூன்றாவது விதம். சிலர் அர்த்தத்தை மொழிபெயர்த்தார்கள்: ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆனது, சிம்மர்மன் கார்பென்டர் ஆனது, ஃபுக்ஸ் ஃபாக்ஸ் ஆனது. சிலர் ஒலியை மட்டும் வளைத்தார்கள்: ஹூபர் என்பது ஹூவர், ஐசன்ஹௌவர் என்பது ஐசன்ஹோவர். இரண்டு வீட்டிலிருந்தும் பின்னாளில் ஒரு அதிபர் வந்தார். ஒரே தகப்பனின் பிள்ளைகள் மூன்று பேர் மூன்று எழுத்துக்கூட்டலில் செத்திருப்பார்கள், அண்ணன் ஜெர்மன் கல்லறைக் கல்லில், தம்பி ஆங்கிலக் கல்லில். தேடும்போது கண்ணால் தேடாதீர்கள், வாயால் சொல்லிப் பார்த்துத் தேடுங்கள். ஜெர்மன் வாய்க்கு B-யும் P-யும், D-யும் T-யும், G-யும் K-யும் ஒன்றோடொன்று கலந்துவிடும், கேட்ட ஆங்கிலேயன் எதையாவது எழுதிவைப்பான்.

பெண்கள் பெயரில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மன் பாதிரியார் பெண்ணின் குடும்பப் பெயரோடு 'இன்' சேர்ப்பார், முல்லர் வீட்டுப் பெண் முல்லரின். அதைத் தனிக் குடும்பப் பெயர் என்று நினைத்துத் தேடிக் களைத்தவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: ஒரு பழைய காகிதத்தில் எங்கள் முன்னோர் 'விற்கப்பட்டார்' என்று இருக்கிறது. வெள்ளைக்காரரை எப்படி விற்பார்கள்? குடும்பத்தில் இதைப் பற்றிப் பேசவே தயங்குகிறார்கள்.

பதில்: தயங்க ஒன்றும் இல்லை, வந்தவர்களில் ஏராளமானோர் கதை அதுதான். ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக விற்றதோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அவர்களுக்கு முடிவு தேதி கிடையாது, பிள்ளைகளும் அடிமை. இவர்களுடையது கடனுக்கு ஈடாக வருஷக் கணக்கில் உழைப்பது.

நடந்தது இப்படி. 'நொய்லெண்டர்' என்று சொல்லப்பட்ட தரகர்கள் கிராமம் கிராமமாகப் போய் பென்சில்வேனியாவில் பாலும் தேனும் ஓடுகிறது என்று ஆசை காட்டுவார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று கப்பல்காரனிடம் தரகு. கிளம்பிய குடும்பம் ரைன் நதியில் இறங்கும். 1750-ல் ஒரு ஆர்கன் வாத்தியத்தை பென்சில்வேனியாவுக்குக் கொண்டுபோன கோட்லீப் மிட்டல்பெர்கர் என்ற பள்ளி ஆசிரியர், ஹைல்பிரானிலிருந்து ஹாலந்து போய்ச் சேர்வதற்குள் 36 சுங்கச் சாவடிகள் என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் காத்திருப்பு, ஒவ்வொன்றிலும் செலவு. ராட்டர்டாம் போய்ச் சேரும்போதே கையிருப்பு கரைந்திருக்கும். அங்கேயும் வாரக்கணக்கில் காத்திருந்து, அப்புறம் இங்கிலாந்தில் கௌஸ் போன்ற துறைமுகத்தில் சுங்கம் முடித்து, அதற்குப் பின்னால்தான் அட்லாண்டிக். கட்டணம் கொடுக்க முடியாதவர்களைக் கப்பல்காரன் கடனுக்கு ஏற்றிக்கொள்வான். பிலடெல்ஃபியாவில் யாராவது வந்து அந்தக் கடனை அடைத்தால்தான் இறங்கலாம், அடைத்தவருக்கு மூன்று முதல் ஆறு வருஷம் வரை வேலை செய்ய வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் 21 வயது வரைகூட. பாதி வழிக்கு மேல் வந்தபின் கணவனோ மனைவியோ கடலில் இறந்தால், உயிரோடு இருப்பவர் தலையில் இறந்தவரின் கட்டணமும் ஏறும். மிட்டல்பெர்கர் 1754-ல் வெறுத்துப்போய்த் திரும்பியவர், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஆனால் இந்தக் கட்டண விஷயத்தில் அவர் சொல்வதை நான் நம்புகிறேன், கணக்கு அப்படித்தான் ஓடியது.

உங்களுக்கு இதில் பயன் என்னவென்றால், ஒரே குடும்பத்தின் பிள்ளைகள் வேறு வேறு கவுண்டிகளில், வேறு வேறு எஜமானர்களிடம் சிதறியிருப்பார்கள். வந்த ஆண்டுக்கும் நிலம் வாங்கிய ஆண்டுக்கும் இடையே ஆறேழு வருஷம் ஆளே காணாமல் போவதற்கும் இதுதான் காரணம். அந்த இடைவெளியை நிரப்ப ஜெர்மன் பத்திரிகைகளைப் பாருங்கள். ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோஃப் சவுர் 1739-ல் பத்திரிகை ஆரம்பித்தார். அதில் 'இன்ன ஊரிலிருந்து வந்த நான், இத்தனை வருஷம் முன்னால் வந்த என் அண்ணனைத் தேடுகிறேன்' என்கிற மாதிரி விளம்பரங்கள் வரும், எஜமானரிடமிருந்து ஓடிப்போன வேலைக்காரனைப் பிடித்துத் தரச் சொல்லும் விளம்பரங்களும் வரும். அண்ணனைத் தேடுகிறவர் சொந்த ஊரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்! அரசாங்கக் காகிதம் எதுவும் கேட்காத கேள்விக்கு அந்த விளம்பரத்தில் பதில் இருக்கும்.

வேலைக் காலம் முடிந்தவர் நிலத்துக்கு அலைவார். பென்சில்வேனியா நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பென் குடும்பம் 1732 முதல் 100 ஏக்கருக்கு 15 பவுண்டு 10 ஷில்லிங் கேட்டது, வருஷா வருஷம் ஏக்கருக்கு அரைப் பென்னி குத்தகையும் தனி. அதனால்தான் கையில் காசில்லாத பலர் லங்காஸ்டர், யார்க் தாண்டி மேரிலாந்து, ஷெனண்டோவா பள்ளத்தாக்கு, வட கரோலினா என்று வண்டிப்பாதையில் தெற்கே போனார்கள். பென்சில்வேனியாவில் ஆள் திடீரென்று மறைந்தால் அந்தப் பாதையில் தேடுங்கள். கூடவே பழைய பக்கத்து வீட்டுக்காரர்களும் போயிருப்பார்கள்.

கேள்வி: ஜெர்மன் அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டால் 1740-களின் குடியேற்றப் பதிவு அனுப்புவார்களா? எந்த அலுவலகம்?

பதில்: அப்படி ஒரு அலுவலகம் இல்லை, அப்போது ஜெர்மனி என்ற நாடே இல்லை. 1871-ல்தான் அது ஒன்றானது. உங்கள் ஆள் பாலட்டினேட் தேர்வு இளவரசரின் குடியாகவோ, வூர்ட்டம்பெர்க் கோமகனின் குடியாகவோ, பாடன்-டுர்லாஹ், ஹெஸ்ஸன், ஏதோ ஒரு சின்னப் பிரபுவின் குடியாகவோ இருந்திருப்பார். ஆங்கில ஏடுகளில் 'பாலட்டின்' என்று பார்த்துவிட்டு பாலட்டினேட்தான் என்று முடிவு கட்டாதீர்கள். பென்சில்வேனியா எழுத்தர்களுக்கு ஜெர்மன் பேசுகிற எல்லோருமே பாலட்டின்தான், சுவிட்சர்லாந்துக்காரரும் அல்சாஸ்காரரும் அதில் அடக்கம்.

கிராமம் தெரிந்தால் மட்டும் ஜெர்மனி பக்கம் போங்கள். தெரிந்தபின் இரண்டு வகை ஏடு உதவும். ஒன்று தேவாலயப் பதிவேடு. புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் நிறைய ஆர்க்கியோன் என்ற தளத்தில் சந்தா கட்டிப் பார்க்கலாம், ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவும் பல இருக்கின்றன. ஓரத்தில் 'புது நாட்டுக்குப் போய்விட்டான்', 'பென்சில்வேனியா போனார்கள்' என்று பாதிரியார் ஒரு வரி கிறுக்கியிருந்தால் அன்றைக்கு நீங்கள் ஊருக்கே இனிப்பு கொடுக்கலாம். இரண்டாவது விடுவிப்பு ஏடு. தென்மேற்கில் பல குடியானவர்கள் பிரபுவுக்குக் கட்டுப்பட்ட ஆட்கள், நினைத்தபோது கிளம்ப முடியாது. பணம் கட்டி விடுதலை வாங்க வேண்டும், கொண்டுபோகிற சொத்தில் பத்தில் ஒரு பங்கு போலத் தனி வரி. வரி என்று வந்தால் எழுதாமல் விடுவார்களா? கார்ல்ஸ்ரூஹே, ஸ்பையர் ஆவணக் காப்பகங்களில் அந்தக் கணக்குகள் இருக்கின்றன, நிறையத் தொகுத்து அச்சிட்டும் இருக்கிறார்கள். வரி கட்ட மனசில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியவர் உங்கள் முன்னோர் என்றால் அதில் வரமாட்டார், நான் என்ன செய்ய.

பாலட்டினேட்டில் லூத்தரன், சீர்திருத்த சபை, கத்தோலிக்கம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. உங்கள் கிராமத்தில் அவர் சபைக்குக் கோயில் இல்லாவிட்டால் பதிவு அடுத்த கிராமத்தில் இருக்கும். 1689-இலும் 1693-இலும் பிரெஞ்சுப் படை அந்தப் பகுதியை எரித்ததில் பல இடங்களில் பழைய ஏடுகள் சாம்பல். கைக்குக் கிடைப்பதும் குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறையில் இருக்கும். ஜெர்மன் படித்தவர்களுக்கே அது எறும்பு ஊர்ந்த மாதிரிதான் தெரியும், ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் எழுதிப் பழகினால் பிடிபடும். எழுதிப் பழக வேண்டும், பார்த்துப் பழகினால் வராது.

கேள்வி: கல்லறைக் கல்லில் கணக்கிட்டால் ஒரு பிறந்த தேதி, ஜெர்மன் பதிவேட்டில் 11 நாள் தள்ளி வேறொரு தேதி. ஆள் மாறிவிட்டாரோ?

பதில்: நேர்மாறாக, இதுதான் ஆள் என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். புராட்டஸ்டன்ட் ஜெர்மன் நாடுகள் 1700-இலேயே, இன்று நாம் பயன்படுத்தும் புது நாள்காட்டிக்கு மாறிவிட்டன. இங்கிலாந்தும் அதன் குடியேற்றங்களும் மாறியது 1752-ல், செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 என்று வைத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் வித்தியாசம் சரியாக 11 நாள். பாலட்டினேட்டில் மே 12-ல் பிறந்த குழந்தை அதே நாளில் பிலடெல்ஃபியாவில் பிறந்திருந்தால் மே 1. கல்லில் 'இத்தனை வருஷம், இத்தனை மாதம், இத்தனை நாள் வாழ்ந்தார்' என்று இருப்பதைக் கழித்துப் பார்க்கும்போது அந்த 11 நாள் எட்டிப் பார்க்கும். 10 நாளோ 17 நாளோ வந்திருந்தால் நானும் சந்தேகப்பட்டிருப்பேன். கூடவே, 1752-க்கு முன் ஆங்கிலேய வருஷம் மார்ச் 25-ல் பிறந்தது, அதனால் ஜனவரி, பிப்ரவரித் தேதிகளில் ஆண்டே ஒன்று குறைவாக எழுதப்பட்டிருக்கலாம்.

கேள்வி: லங்காஸ்டர் கவுண்டி மென்னோனைட் குடும்பம். ஞானஸ்நானப் பதிவு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பதில்: கிடைக்காது. மென்னோனைட் என்பது தனிக் கிறிஸ்தவ சபை, அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, வளர்ந்தபின்தான். சத்தியப் பிரமாணமும் செய்ய மாட்டார்கள், உறுதிமொழி மட்டும். நிலப் பத்திரம், உயில் இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். பலர் சுவிட்சர்லாந்தின் பெர்ன், சூரிச் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்டு பாலட்டினேட்டில் ஒன்றிரண்டு தலைமுறை இருந்துவிட்டு வந்தவர்கள். அங்கே அவர்களிடம் தனியாகப் பாதுகாப்பு வரி வாங்கினார்கள், அந்தக் குடும்பப் பட்டியல்கள் பயன்படும். இதற்கு நேரெதிர் மொரேவியர்கள் என்ற இன்னொரு கிறிஸ்தவ சபையார். 1741-ல் பென்சில்வேனியாவில் பெத்லஹேம் ஊரை அமைத்த அந்தச் சபையில் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைப்பது வழக்கம். பிறந்த ஊர், பெற்றோர், பட்ட கஷ்டம் எல்லாம் அவர் வாயாலேயே. உங்கள் வம்சத்தில் எந்தக் கிளையிலாவது ஒரு மொரேவியர் இருக்கிறாரா என்று பாருங்கள், பெத்லஹேம் காப்பகத்தில் அவர் காத்திருப்பார்.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு, டி.என்.ஏ. சோதனை செய்தால் போதாதா? ஒரு நிறுவனம் குடும்பச் சின்னமும் சட்டம் போட்டுத் தருகிறதாம்.

பதில்: எட்டுத் தலைமுறைக்கு முன்னால் உங்களுக்கு 256 முன்னோர் இடங்கள். அதில் ஒருவரிடமிருந்து உங்களுக்கு ஒன்றுமே வந்து சேராமலும் இருக்கலாம். தகப்பன்வழி ஆண் கோட்டுக்கு ஒய் குரோமோசோம் சோதனை உதவும். 'இந்த இரண்டு மில்லர்களும் ஒரே வேர் இல்லை' என்று சொல்ல அது மிகச் சிறந்த கருவி, கிராமத்தின் பெயரை அது சொல்லாது. சின்னம் வேண்டாம், அந்தக் காசுக்கு ஆர்க்கியோன் சந்தா கட்டுங்கள். ஆலைக்காரருக்கும் தச்சருக்கும் ஏது ராஜமுத்திரை? பிரபு வம்சம் என்று முடியும் பழைய அச்சுப் புத்தகங்களிலும் கவனம் தேவை. குஸ்தாவ் அஞ்சூ என்றொருவர் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு காசு கொடுத்த பணக்காரக் குடும்பங்களுக்கெல்லாம் போலி வம்சாவளி தயாரித்துக் கொடுத்தார். 1942-ல் அவர் இறந்துவிட்டார், அவர் தயாரித்த தாத்தாக்கள் இன்னும் இணையத்தில் உலவுகிறார்கள்.

கேள்வி: ஐயா, முதலில் எழுதிய மில்லர் வீட்டு மாமியார்தான் மறுபடியும். மருமகனின் அத்தை வீட்டுப் பழைய மரப்பெட்டி மூடியின் உள்பக்கம் பூ, பறவை வரைந்து ஜெர்மன் எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஏதாவது விஷயம் இருக்குமா?

பதில்: இதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கக் கூடாதா அம்மா! அது அநேகமாக டௌஃப்ஷைன், பென்சில்வேனியா ஜெர்மானியர் குழந்தைக்கு எழுதி வாங்கும் பிறப்பு, ஞானஸ்நானச் சான்று. தகப்பன் பெயர், தாய் பெயர், 'கெபோர்னே' என்ற சொல்லுக்குப் பின்னால் தாயின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த நாள், டவுன்ஷிப், கவுண்டி, ஞானஸ்நானம் கொடுத்த போதகர், அப்போது குழந்தைக்காகச் சாட்சி நின்ற ஞானப்பெற்றோர் என்று எல்லாம் இருக்கும். சிலவற்றில் குழந்தை பிறந்த ராசிகூட எழுதியிருப்பார்கள். இதை வைத்துத்தான் சுதந்திரப் போர் வீரர்களின் விதவைகள் சிலர் ஓய்வூதியம் கேட்டார்கள், அந்தத் தாள்கள் வாஷிங்டன் தேசியக் காப்பகத்து ஓய்வூதியக் கோப்புகளில் இன்றும் கிடக்கின்றன.

பிய்க்காதீர்கள், ஈரத் துணியால் துடைக்காதீர்கள். ஃபிளாஷ் போடாமல் பகல் வெளிச்சத்தில் நேராக ஒரு படம், அப்புறம் நான்கு மூலைகளுக்கும் பக்கத்தில் போய் ஒவ்வொரு படம். கீழே ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அச்சிட்ட படிவத்தை ஊர் ஊராகச் சுற்றும் எழுத்தர்கள் பல வருஷம் கழித்துக்கூட நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள், அதனால் தேதியைத் தேவாலய ஏட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஜெர்மன் ஊர்ப் பெயர் அதில் இருக்கும் என்று ஆசைப்படாதீர்கள், அது அமெரிக்காவில் பிறந்த பிள்ளையின் தாள். நான் பார்க்க விரும்புவது கடைசி இரண்டு வரிகளை, ஞானப்பெற்றோர் பெயர் இருக்கும் இடத்தை. அந்தப் படத்தை முதலில் அனுப்புங்கள். 1749 கப்பல்களின் கையெழுத்து நகலில் யோஹானஸ் முல்லர் என்று வருகிற ஒவ்வொரு இடத்துக்கும் மேலே ஐந்து, கீழே ஐந்து பெயர்களை நான் எடுத்து வைக்கிறேன்.